வாடகைப் பெட்டியில் ஏற்றக்கூடாதவற்றை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணம் ஊரெழுவில் உழவு இயந்திரமும் அதன் பின்னால் இழுக்கும் பெட்டியும் வைத்து வாடகைக்கு ஓடுபவன். தோட்டக் காலத்தில் எருவும் மண்ணும் ஏற்றுவேன். மற்ற நாட்களில் வீடு இடித்த கல், சீமெந்துக் கட்டி, வளவு துப்புரவாக்கிய குப்பை என்று வருவதை ஏற்றுவேன். நல்லூர்க் கொடியேற்றம் நெருங்க வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். தாய் தகப்பன் இருந்த வீட்டைத் திருத்தவோ, விற்கவோ, இடித்துப் புதிதாகக் கட்டவோ முடிவெடுத்துக்கொண்டுதான் வருவார்கள். கையில் இருப்பது சில கிழமை லீவு. அதற்குள் ஒரு தலைமுறைக் காலமாக அந்த வீட்டில் சேர்ந்ததெல்லாம் வெளியே போக வேண்டும். அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வே இராது.

அந்த வேலையில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத ஒரு காரியம் நடக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

வளவு துப்புரவாக்கும்போது சாதாரணக் குப்பையோடு சேர்த்து ஏற்றவே கூடாத பொருள்களும் வெளியே வருகின்றன. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற், கார் பற்றரி, கழிவு ஒயில், தோட்டத்துக்கு அடித்த மருந்துப் போத்தல், உறைந்துபோன பெயின்ற் வாளி, ரியூப் லைற், காலாவதியான குளிசை, பழைய பிறிட்ஜ், காஸ் சிலிண்டர், ரயர். சில வளவுகளில் வெடிக்காத செல்லும் வரும். இதையெல்லாம் நான் ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி நியாயமானது. "அப்ப தம்பி, இதை நாங்கள் எங்கை கொண்டுபோய்க் குடுக்கிறது?" அதற்கு ஒரு உள்ளூராட்சிச் சபையும் எழுத்தில் பதில் வைத்திருப்பதை நான் காணவில்லை. பிறகு இன்னொருவர் வருவார். கொஞ்சம் கூடக் காசு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவார். இருட்டின பிறகு அது ஆளில்லாத வளவில் இருக்கும் பாழ் கிணற்றிலோ, சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்கிலோ விழும். அப்படி விழுந்து கிடப்பதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

எந்த ஊரில் செய்தாலும் இது பிழைதான். யாழ்ப்பாணத்தில் செய்வது குடிக்கிற செம்புக்குள் கொட்டுவதற்குச் சமம்.

எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். குடாநாட்டின் அடியில் கிடப்பது வெடிப்பும் துவாரமும் குகையுமாக இருக்கிற சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மண்ணூடாக இறங்கி அந்த வெடிப்புகளில் தங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு நல்ல தண்ணீர்ப் படையாக மிதக்கிறது. நாங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். மணலாக இருந்தால் ஊறிப் போகும் தண்ணீரைக் கொஞ்சமாவது வடிக்கும். சுண்ணக்கல் வெடிப்பு வடிக்காது. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று எங்கள் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். கதை கதையாக இருக்கட்டும், நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஊருக்கு ஊர் தொடர்ந்து ஓடுகிறது என்பதை அவர்கள் விளங்கி வைத்திருந்தார்கள். மேலே மண்ணில் ஊற்றிய ஒயிலை மண் கொஞ்சம் பிடித்து வைக்கும். பாழ் கிணற்றில் ஊற்றினால் தண்ணீருக்கும் அதற்கும் இடையில் ஒன்றுமே இல்லை. அந்தக் கிணற்றில் யாரும் அள்ளுவதில்லை என்று சொல்லி ஆறுதல்படுகிறார்கள். பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளுகிறார்களே.

சுன்னாகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மின் நிலையத்தை அண்டிய பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து, சனம் சொந்தக் கிணற்றை விட்டுவிட்டு வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. அங்கே பொறுப்புக் கேட்க ஒரு கம்பனி இருந்தது. நாங்கள் ஆளுக்கொரு கான் ஒயிலை ஆளுக்கொரு பாழ் கிணற்றில் ஊற்றினால் நாளைக்கு யாரிடம் போய்ப் பொறுப்புக் கேட்பது? தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் எங்கள் பக்கத்தில் வெங்காயத்துக்கு இறைப்பதும் சோற்றுக்கு உலை வைப்பதும் இன்னமும் கிணற்றுத் தண்ணீரில்தான்.

என் அண்ணரின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். வீடு திருத்துவதற்காக ஒரு பெட்டி வாடகைக்கு எடுத்தான். அங்கே எங்களைப் போல மனிதர் நின்று ஏற்றுவதில்லை. பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் தன் பாட்டில் போட்டு நிரப்ப, லொறி வந்து தூக்கிக்கொண்டு போகும். பெட்டியோடு ஒரு தாளும் கொடுத்தார்களாம். அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "சித்தப்பா, நீங்கள் ஏத்தமாட்டன் எண்டு சண்டை பிடிக்கிற சாமான் எல்லாம் இதிலை இருக்கு" என்றான். உண்மைதான். பெயின்ற், தின்னர், ஒயில், பெற்றோல், பற்றரி, காஸ் சிலிண்டர், ரயர், பிறிட்ஜ், ரியூப் லைற், பூச்சி மருந்து, அஸ்பெஸ்ரஸ், ஒன்றும் போடக்கூடாது. பெட்டியின் விளிம்புக்கு மேலே குவிக்கவும் கூடாது. மீறினால் மேலதிக காசு, இல்லையென்றால் பெட்டியைத் தூக்காமலே விட்டுவிடுவார்கள். குப்பையை நெரிக்கும் இயந்திரத்தில் சிலிண்டர் வெடிக்கும், பற்றரி தீப்பிடிக்கும், திரவங்கள் தெரு நெடுக வழிந்து கடைசியில் புதைக்கும் இடத்தின் அடியில் ஊறும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

எனக்குப் பெரிதாகப் பட்டது தடை அல்ல. கூடாது என்று சொன்ன கையோடு அந்த நகரம் வழியும் காட்டியிருக்கிறது. மாநகர சபையின் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனால் வீட்டில் இருந்து வரும் ஆபத்தான கழிவை இலவசமாக வாங்குகிறார்கள். 10 லீற்றர் அல்லது 10 கிலோ சேர்ந்துவிட்டால் சபையின் வண்டியே வீட்டுக்கு வந்து எடுக்கிறது. அதற்கு ரொக்சிக் ரக்ஸி என்று பேர் வைத்திருக்கிறார்கள். கனடா பணக்கார நாடு, இங்கே அதெல்லாம் சரிவராது என்று சிலர் சொல்வார்கள். வீடு தேடி வண்டி வருவது வேண்டுமானால் எங்களுக்குச் சரிவராமல் போகட்டும். ஒரு தாள் அச்சடிப்பதற்கும், மாதத்தில் ஒரு நாள் ஒரு கொட்டிலைத் திறந்து வைப்பதற்கும் அவ்வளவு பணம் தேவையில்லை.

இனி இந்தப் பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அஸ்பெஸ்ரஸில் தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலாளரை நேரே கொல்லக்கூடியது அது. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் அவசரத்துக்குச் சீற் போட்ட கூரைகள் ஏராளம். அவை இப்போது கழட்டப்படுகின்றன. நீல அஸ்பெஸ்ரஸை இலங்கை 1987 இலேயே தடை செய்துவிட்டது. ஆனால் எல்லா வகை அஸ்பெஸ்ரசும் புற்றுநோயை உண்டாக்கும், வெள்ளை என்றாலும் விலக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீற் கூரையில் முழுதாகக் கிடக்கும் வரைக்கும் ஆபத்துக் குறைவு. உடைக்கும்போது, கிறைண்டரால் வெட்டும்போது, பாசி போகட்டும் என்று உரஞ்சும்போது கண்ணுக்குத் தெரியாத நார்த் தூசு பறக்கிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போன நார் அங்கேயே தங்கிவிடும். நோய் தெரியவர இருபது, முப்பது, நாற்பது வருடமும் செல்லும். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. இன்றைக்குச் சீற் உடைத்துப் பெட்டிக்குள் எறிகிற பொடியன் தன் பேரப்பிள்ளையைத் தூக்கிற வயதில் இருமத் தொடங்கினால், எந்த வீட்டுக் கூரையால் வந்தது என்று அப்போது யார் சொல்லப் போகிறார்கள்?

கழட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள். வேலை முடியும் வரைக்கும் ஈரம் காயக்கூடாது. ஆணியை நெம்பிச் சீற்றை உடைக்காமல், ஆணியை வெட்டிச் சீற்றை முழுதாக இறக்குங்கள். மேலே இருந்து எறிய வேண்டாம். மூக்கைச் சுற்றித் துவாய் கட்டினால் அந்தத் தூசை மறிக்காது. என்95 முகக்கவசமும் அஸ்பெஸ்ரஸுக்குப் போதாது. பி100 அல்லது எவ்எவ்பி3 தர முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, வாயை ஒட்டி, அஸ்பெஸ்ரஸ் என்று மேலே எழுதி வையுங்கள். வேலை செய்த உடுப்பை வீட்டில் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். பிறகு சபைக்கு அறிவித்து, சபை காட்டும் இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். கிணற்றோரம் அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. உடைந்த சீற்றை ஒழுங்கைப் பள்ளத்தில் போட்டு நிரவுவது. வாகனம் ஏற ஏற அது மாவாகிறது, கோடையில் அந்த மா காற்றில் எழும்புகிறது. காலையும் பின்னேரமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதே ஒழுங்கையில் சைக்கிளில் போகிறார்கள். வேறொன்றையும் நிறுத்த முடியாவிட்டாலும் இந்த ஒரு பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று உங்கள் பத்திரிகை மூலம் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெடிபொருள் பற்றிக் கனடாத் தாளில் இல்லை. எங்கள் தாளில் அது முதல் வரியாக இருக்க வேண்டும். 1990 இல் இடம்பெயர்ந்து, கன வருடம் கழித்து விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்கு வளவுகளில் இன்னமும் துப்புரவு வேலை நடக்கிறது. மற்ற ஊர்களிலும் பழைய வளவு என்றால் எங்கேயோ ஒரு பங்கர் இருந்திருக்கும். சண்டை ஓய்ந்ததும் கையில் கிடைத்ததைப் போட்டு அதை மூடியிருப்பார்கள். என்ன போட்டு மூடினார்கள் என்று தெரிந்தவர்கள் இன்றைக்கு வீட்டில் இல்லை. நிலம் ஓரிடத்தில் மட்டும் பதிந்து கிடந்தாலோ, தோண்டும்போது மண் சாக்கும் சிலிப்பர் கட்டையும் வந்தாலோ உடனே மண்வெட்டியை வைத்துவிடுங்கள். துருப்பிடித்த உருளை, சிறகு வைத்த இரும்பு, பிளாஸ்ரிக் பேணி போல ஏதாவது கண்டால் தொட வேண்டாம், தட்டிப் பார்க்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். நடந்து வந்த தடத்தாலேயே திரும்பி வந்து, ஒரு தடியில் துணி கட்டி அடையாளம் வைத்து, பொலிசின் 119 இற்கு அடியுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். விசாரணை, நீதிமன்றம் என்று அலைய வேண்டிவரும் என்று பயந்து சிலர் அதைச் சாக்கில் சுற்றிப் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். இரும்புக் கடையில் அதை வெட்டப் போகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் ஒவ்வொரு அடியாகக் கிளறி எடுப்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பொருளை நாங்கள் கல்லோடு கல்லாகப் பெட்டிக்குள் எறிகிறோம்.

பற்றரியைச் சனம் எறிவதில்லை, விற்கிறது. அதுவரைக்கும் நல்லது. ஆனால் ஒலிபெருக்கியோடு ஒழுங்கைக்குள் வருகிற பழைய இரும்புக்காரர் சிலர், நிறுக்க முதல் உள்ளே இருக்கும் அமிலத்தை ஊற்றிவிடச் சொல்கிறார்கள். அது வேலியோரம் ஊற்றப்படுகிறது. எங்கள் நிலத்தில் அமிலம் சுண்ணக்கல்லில் பட்டு நுரைத்து அடங்கிவிடும். அதோடு சேர்ந்து வந்த ஈயச் சேறு அடங்காது, மண்ணிலேயே கிடக்கும். கோழி அதைக் கொத்தும், தவழ்கிற பிள்ளை அந்தக் கையை வாயில் வைக்கும். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே பற்றரியைத் திறக்காமல், நிமிர்த்தி, ஒரு பிளாஸ்ரிக் பேசினில் வைத்து, புதுப் பற்றரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள். விலையில் கழித்துத் தருவார்கள். கைத்தொலைபேசி, ரோர்ச், சோலார் விளக்கு ஆகியவற்றின் லிதியம் பற்றரி வேறு சாதி. நசுங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். அதைக் குப்பைப் பையில் போட்டால் போய்ச் சேரும் இடம் கல்லுண்டாய்க் குப்பை மேடு. அங்கே குப்பை பற்றி எரிந்த செய்திகளை நீங்களே போட்டிருக்கிறீர்கள். அந்தப் புகைக்குள் சுற்றுவட்டாரச் சனம் இருக்கிறது. முனைகளில் ரேப் ஒட்டி ஒரு போத்தலில் சேர்த்து வைத்தால், மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்கலாம். 2020 ஒக்ரோபரில் தபாலகங்கள் ஊடாக அப்படி ஒரு கிழமை சேகரித்தார்கள். அது நல்ல ஏற்பாடு. எங்கள் மாவட்டத்தில் அதை வருடா வருடம் நடத்தினால் எத்தனையோ பழைய ரீவியும் கொம்பியூட்டரும் வீட்டு மூலையில் இருந்து வெளியே வரும்.

கழிவு ஒயிலைப் பற்றித் தோட்டக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் இறைக்கும் மெசினைக் கிணற்றுக் கட்டிலேயே வைத்து ஒயில் மாற்றுகிறோம். சிந்தியது நேரே உள்ளே போகிறது. ஒரு கலன் கழிவு ஒயில் 10 இலட்சம் கலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கணக்குச் சொல்கிறது. மெசினைக் கிணற்றை விட்டுத் தள்ளி எடுத்து, கீழே தகரத் தட்டு வைத்து மாற்றுங்கள். பழைய ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து, பரல் வைத்திருக்கும் கராஜில் கொடுங்கள். அதற்குள் பெற்றோலோ தின்னரோ தண்ணீரோ கலக்க வேண்டாம், கலந்தால் வாங்க மாட்டார்கள்.

மருந்துப் போத்தல்களைக் கண்டால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறும். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செய்த வீடுகளில், பின்பத்தியில் அல்லது கோழிக்கூட்டுக்கு மேலே இருக்கும் பலகையில், லேபல் உரிந்த போத்தல்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் பல இன்றைக்கு விற்கவே தடையானவை. எண்டோசல்பானை 1998 இல் நிறுத்தினார்கள். பரகுவாற்றை 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தினார்கள். கடையில் இல்லாத மருந்து வீட்டுப் பத்தியில் இன்னும் இருக்கிறது. மனம் உடைந்த ஒருவருக்கும், விவரம் தெரியாத ஒரு பிள்ளைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள். திறந்து மணந்து பார்க்க வேண்டாம். கையுறை போட்டு, அடியில் மணல் பரப்பிய வாளியில் நிமிர்த்தி அடுக்கி, மூடி, பூட்டுள்ள இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். மலசலகூடக் குழிக்குள் ஊற்றினால் அது கிணற்றில் ஊற்றியது மாதிரித்தான், ஏனென்றால் எங்கள் சின்ன வளவுகளில் குழிக்கும் கிணற்றுக்கும் இருக்க வேண்டிய தூரமே இல்லை. வெறும் போத்தலாக இருந்தால் மூன்று தரம் கழுவி, கழுவிய தண்ணீரை மருந்தடிக்கும் ராங்கிக்குள்ளேயே ஊற்றி, போத்தலின் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாவிட்டால் யாரோ அதில் மண்ணெண்ணெய் வாங்குவார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர்ப் பெயின்ற் மிச்சம் இருந்தால் மணலைக் கலந்து நிழலில் திறந்து வைத்து இறுகவிட்டால் சாதாரணக் குப்பையோடு போகலாம். எனாமலும் தின்னரும் அப்படிப் போகக்கூடாது. பாவிக்கக்கூடியதாக இருந்தால் பெயின்ற் அடிக்கிறவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பெயின்றில் ஈயத்துக்கு இலங்கையில் எல்லை விதித்தது 2013 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, யன்னல், நிலைகளை விறகாக எரிக்க வேண்டாம். கலியாண வீட்டுக் கிடாரத்துக்கு அடியில் பச்சைப் பெயின்ற் கதவுப் பலகை எரிவதைக் கண்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ரியூப் லைற்றிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பழைய மட்டையில் சுற்றி வையுங்கள். வீட்டுக்குள் உடைந்தால் யன்னலைத் திறந்து கால் மணித்தியாலம் வெளியே நின்றுவிட்டு, தும்புத்தடியால் கூட்டாமல் மட்டையாலும் ரேப்பாலும் ஒற்றி எடுத்துப் போத்தலில் அடையுங்கள். பிறிட்ஜின் செப்புக் குழாயை வெட்டி விற்கும் அவசரத்தில் உள்ளே இருக்கும் வாயுவைத் திறந்துவிடுகிறார்கள். பழைய பிறிட்ஜ்களில் இருந்தது ஓசோன் படையை அழிக்கிற வாயு, புதியவை பலவற்றில் இருப்பது தீப்பற்றும் வாயு. பிறிட்ஜ் திருத்துபவரைக் கொண்டு வாயுவை எடுத்த பிறகுதான் உடைக்க வேண்டும். காஸ் சிலிண்டர் வெறுமையாக இருந்தாலும் விற்ற முகவரிடம் திருப்பிக் கொடுங்கள், வெட்டவே கூடாது. இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து மூடி, குளிசைகளோடு உங்கள் கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள். பெட்டியில் இருந்து குப்பையை வாரி இறக்குகிறவர்களின் கையில் அவை குத்துகின்றன. ரயரை மழை படாமல் வையுங்கள். மாரியில் டெங்கு நுளம்புக்கு ஒரு ரயர்த் தண்ணீர் போதும், 2007 ஆம் ஆண்டின் நுளம்புச் சட்டத்தில் வழக்குப் போடவும் இடம் இருக்கிறது. எரிக்கவும் கூடாது. குப்பையையும் பிளாஸ்ரிக்கையும் வெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பர் முதல் இந்த நாட்டில் தடை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கழிவைச் சேர்ப்பவருக்கும் ஏற்றுபவருக்கும் அழிப்பவருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி வேண்டும் என்று 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. வீட்டுக் குப்பையை அகற்றுவதும் அதற்கு இடம் ஒதுக்குவதும் சபையின் கடமை என்பது 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலேயே இருக்கிறது. ஆபத்தான கழிவை எரித்து அழிக்கக்கூடிய சீமெந்துச் சூளை புத்தளத்தில் இருக்கிறது. இடையில் அறுந்து கிடப்பது சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும்தான். ஊரெழுவில் ஒரு அம்மாவின் பின்பத்தியில் இருக்கும் போத்தல், அனுமதி பெற்ற அந்த வண்டியில் ஏறும் வரைக்கும் எங்கே இருப்பது?

அந்தக் கண்ணியை எங்கள் மாவட்டத்துச் சபைகள் பொருத்த வேண்டும். மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை, ஆகப் பதினேழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்ய முடியாவிட்டால் பக்கத்துச் சபைகள் இரண்டு மூன்று சேர்ந்து செய்யட்டும். கூரையும் சீமெந்து நிலமும் பூட்டும் உள்ள ஒரு களஞ்சியம், மாதத்தில் ஒரு நாள் திறப்பு, பொறுப்பாக ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நிரம்பியதும் அனுமதி பெற்ற சேகரிப்பாளரை அழைத்து ஏற்றிவிடுவது. வாங்கும்போது காசு கேட்கக் கூடாது, கேட்டால் சாமான் திரும்பவும் கிணற்றுக்குத்தான் போகும். செலவைக் கட்டட அனுமதிக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையாக அறவிடலாம். வீடு இடிக்க அனுமதி கொடுக்கும்போதே ஏற்றக்கூடாத பொருள்களின் தாளையும் கையில் கொடுக்கலாம். வாடகைக்கு ஓடும் உழவு இயந்திரங்களையும் இரண்டு சில்லு லான்ட் மாஸ்ரர்களையும் சபையில் பதிந்து, இரவில் கொட்டுகிறவரின் பதிவை நிறுத்துங்கள். தொழில் செய்கிற நானே இதைக் கேட்கிறேன். ஒழுங்காக ஓடுகிறவனுக்கு இதனால் நட்டம் இல்லை. இன்றைக்கு ஒழுங்கில்லாமல் ஓடுகிறவனுக்குத்தான் கூடக் காசு கிடைக்கிறது.

கிராம அலுவலர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் பிரிவில் ஆளில்லாத வளவுகளில் இருக்கும் பாழ் கிணறுகளைப் பதிவெடுங்கள். சொந்தக்காரர் பாரிசிலோ லண்டனிலோ இருந்தாலும் அவருக்கு இங்கே ஒரு உறவினராவது இருப்பார். கம்பி வலை போட்ட ஒரு மூடியின் செலவை அவர்கள் மறுக்க மாட்டார்கள். மண் போட்டுத் தூர்க்க வேண்டாம். மூடி போட்டு வைத்தால் தண்ணீர் தட்டுப்பாடான ஒரு கோடையில் அந்தக் கிணறு ஊருக்கு உதவும்.

நான் ஏற்றாத பொருள்களையும் அவற்றைக் கொடுக்கக்கூடிய இடங்களையும் ஒரு தாளில் எழுதி, வாடகை பேசும்போதே வீட்டுக்காரரிடம் கொடுத்து வருகிறேன். உரும்பிராய், கோண்டாவில் பக்கம் ஓடுகிற சில தொழிலாளரும் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சபை தன் முத்திரையோடு அச்சடித்துத் தந்தால் நாங்களே வீடு வீடாகக் கொடுப்போம். ஐப்பசி மழைக்கு முன் முதல் சேகரிப்பு நாளை வையுங்கள். அன்றைக்கு என் உழவு இயந்திரமும் பெட்டியும் டீசல் காசும் வாங்காமல் சபைக்கு வரும்.

நன்றி.

இப்படிக்கு,
உழவு இயந்திர உரிமையாளர் ஒருவர்,
ஊரெழு.